சிவப்புத் தலைக் கள்ளி: கடன் எடுக்கும் முன் ஒட்டக் கற்போம்

(விழுப்புரம், திண்டிவனம் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் பயிற்சிக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



சில மாதங்களாக எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வருகிறது. "பச்சைத் தண்டு மேல சிவப்பா, மஞ்சளா உருண்டையா ஒரு கள்ளி விக்கிறாங்களே, அதை நாம வளர்த்து விக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். ஒரு சில குழுக்களிடம், "500 செடி எடுத்துக்கோங்க, பெருசானதும் நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்" என்று ஆள் வந்து பேசியும் இருக்கிறார்கள். அதற்குக் குழுக் கடன் எடுக்கலாமா என்பதுதான் இப்போது நம் முன் இருக்கும் விஷயம். முதலில் அந்தச் செடி என்ன என்று தெரிந்துகொள்வோம். பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம்.

பார்க்க ஒரு செடி மாதிரி இருந்தாலும் அது இரண்டு செடி. ஒட்டு மாங்கன்று போலத்தான். கீழே இருக்கும் பச்சைத் தண்டு ஒரு சாதி, மேலே இருக்கும் வண்ணத் தலை வேறு சாதி. தலையாக இருப்பது தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டுக் கள்ளி. அதன் இயற்கை நிறம் சிவப்பு இல்லை, மங்கலான பச்சையும் பழுப்பும்தான். ஜப்பானில் 1941-ஆம் ஆண்டு வாட்டனாபே என்கிற நாற்றங்கால்காரர் விதை போட்டு முளைக்க வைத்தபோது, நாற்றுகளுக்கு நடுவில் பச்சையமே இல்லாத ஒன்றிரண்டு முளைத்திருந்தன. இதைத் திடீர்மாற்றம் என்று சொல்வார்கள். அவற்றை அவர் வேறு கள்ளி மேல் ஒட்டிப் பிழைக்க வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய சிவப்புத் தலை. இப்போது தென் கொரியாவில் இதைப் பெரிய அளவில் ஒட்டி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கடைகளில் 'மூன் கேக்டஸ்' என்று சொல்லி விற்பது இதைத்தான்.

பச்சையம் இருந்தால்தான் செடி வெயிலை வைத்துத் தனக்கு வேண்டிய உணவைச் செய்துகொள்ளும். பச்சையம் போனதால் உள்ளே இருந்த சிவப்பும் மஞ்சளும் வெளியே தெரிகிறது. பீட்ரூட்டிலும் செங்கீரையிலும் இருக்கிறதே, அதே வகைச் சாயம்தான். அழகு சரி, ஆனால் அந்தத் தலைக்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது! கீழே இருக்கும் தண்டு சமைத்துப் போட்டால்தான் அது சாப்பிடும். ஒடித்து மண்ணில் நட்டால் காய்ந்துவிடும். அதனால் தலையைப் பார்த்து மயங்காமல் தண்டைப் பாருங்கள். தண்டு பிழைத்தால்தான் தலை பிழைக்கும்.

அடுத்து, தண்டுக்கு எங்கே போவது? டிராகன் பழச் செடியின் மூன்று பட்டைத் தண்டுதான் இதற்கு அதிகம் பயன்படுகிறது. டிராகன் பழம் போட்டவர்கள் கவாத்து செய்து வெட்டிப் போடும் தண்டைக் கேட்டாலே கொடுப்பார்கள். புள்ளியோ அழுகலோ இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். நம்ம ஊர் வேலியில் இருக்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளியில் ஒட்ட முடியாது. உடைத்தால் பால் வருகிற கள்ளியெல்லாம் வேறு குடும்பம், ஒட்டுப் பிடிக்காது. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்தும்கூட.

ஒட்டும் முறை

1. தண்டை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாயை ஆற விடுங்கள். பிறகு சின்னத் தொட்டியில் நடுங்கள். மெதுவாக இழுத்தால் வராமல் பிடித்திருந்தால் வேர் விட்டது என்று அர்த்தம். இதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும்.

2. தலைச் செடியின் பக்கத்தில் குட்டி குட்டியாக உருண்டைகள் வரும். நெல்லிக்காய் அளவு ஆனதும் அதை எடுத்து ஒட்டலாம்.

3. கையைச் சுத்தமாகக் கழுவி, புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். தண்டின் நுனியைச் சமமாக வெட்டி, மூன்று ஓரங்களையும் சாய்வாகச் சீவிவிடுங்கள். நடுவில் வட்டமாக ஒரு வளையம் தெரியும். உருண்டையின் அடியை வெட்டினாலும் அதேபோல் வளையம் தெரியும்.

4. வெட்டுவாய் காய்வதற்குள் உருண்டையைத் தண்டு மேல் வைத்து அழுத்துங்கள். இரண்டு வளையமும் ஓரிடத்திலாவது ஒன்றின் மேல் ஒன்று படவேண்டும். படாவிட்டால் பிடிக்காது. வேலையின் சூட்சுமமே இதில்தான் இருக்கு.

5. தொட்டியின் அடியிலிருந்து தலை மேல் வரை இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நிழலில் வையுங்கள். வெட்டுவாயில் தண்ணீர் படக்கூடாது. பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரப்பரை மெதுவாக எடுக்கலாம். தலை சுருங்கி விழுந்தால் தண்டை மறுபடி வெட்டி வேறு தலை வைக்கலாம், தண்டு வீணாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்ட வேண்டாம். காற்று காய்ந்திருக்கும் தை, மாசி, பங்குனி நல்லது.

பராமரிப்பு

செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது செங்கல் தூள் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். மரக்காணம் பக்கம் இருப்பவர்கள் கடல் மணலைப் போட்டுவிடாதீர்கள், உப்பு செடியைக் கெடுக்கும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

சித்திரை, வைகாசி வெயில் நேராகப் பட்டால் தலை வெந்துவிடும். அதற்காக இருட்டு அறையில் வைத்தால் தண்டு சமைக்க முடியாது. பாதி வெளிச்சம் விடும் பச்சை நிழல்வலைக்குக் கீழே வைப்பதுதான் சரி. மழைக்கு மேலே கூரையும் வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது நமக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் தொட்டி தண்ணீரில் நின்றாலே வேர் அழுகத் தொடங்கிவிடும். ஆகவே தொட்டிகளைத் தரையில் வைக்காமல் மேடை கட்டி வையுங்கள்.

பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்தத் தொட்டியைத் தனியாக வையுங்கள். தண்டில் புதுக் கிளை வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் கிளைக்குப் போகிற சாப்பாடு தலைக்குப் போகாது.

இனி கணக்கு

இந்த ஒட்டு நெடுங்காலம் வாழாது. தண்டு வளரும் வேகமும் தலை வளரும் வேகமும் வேறு என்பதால் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், குட்டியை எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். ஆகவே ஒட்டத் தெரிந்தவருக்குத்தான் இது தொழில். ஒட்டிய செடியை வாங்கி வைத்திருப்பவருக்கு அது நாளுக்கு நாள் கரையும் முதல்.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். 20 செடி ஒட்ட 700 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு 35 ரூபாய் என்று எழுதக்கூடாது. 14தான் பிழைத்தது என்றால் ஒரு செடியின் அடக்க விலை 50 ரூபாய். நம்முடைய கூலி, நிழல்வலைச் செலவு, கடன் வட்டி எல்லாம் அதற்கு மேல்தான்.

எனவே எங்கள் யோசனை இதுதான். ஐந்து பேர் சேர்ந்து நாலைந்து தலைச் செடி மட்டும் வாங்குங்கள். கடன் வேண்டாம், கையில் இருக்கும் பணமே போதும். ஒட்டிப் பழகி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டட்டும். எத்தனை பிழைத்தது, எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்துக் கடன் தீர்மானம் போடுங்கள். ஒட்டுக் கட்டுவதில் சந்தேகம் இருந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

"திருப்பி வாங்கிக்கிறோம்" என்று வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள்? செத்த செடிக்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? எழுதித் தராதவரிடம் ஒரு தொட்டிகூட எடுக்காதீர்கள், அக்கா. அது நம் இருபது பேரின் சேமிப்பு.

ஒட்டிப் பழக விரும்பும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்குள் பெயர் கொடுங்கள். பிளேடும் ரப்பர் பேண்டும் நாங்கள் கொண்டு வருகிறோம். வேர் விட்ட தண்டோடு நீங்கள் வாங்க.