தொழிலாளியின் கூலியும் நம் சமையல் எண்ணெயும்



முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயிலோடு அதனைச் சேர்த்துச் சிந்தியுங்கள்.

உலகப் பாமாயிலில் 80 விழுக்காட்டிற்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. அதனை மிகுதியாக இறக்குமதி செய்வது நம் இந்தியா. நீண்ட கழியில் பூட்டிய அரிவாளால் வெட்டி வீழ்த்தப்படும் செம்பனைக் குலை 20 கிலோவும் கனக்கும். ஒரு நாளுக்குள் ஆலையைச் சேராவிடில் எண்ணெயின் தரம் கெடும். அந்த அவசரத்தின் பாரம் முழுவதும் தொழிலாளியின் முதுகில்! குறித்த அளவை எட்ட இயலாதபோது மனைவி மக்களும் உதிரிப் பழம் பொறுக்குகின்றனர். பல தோட்டங்களில் அவர்கள் பெயர் கூலிப் பட்டியலில் ஏறுவதே இல்லை.

மலேசியத் தோட்டங்களுக்குக் கடன்பட்டுத் தரகருக்குப் பணம் கட்டி வந்த அயல்நாட்டார் பலர். அவர்களது கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் நடந்தது. அந்நாட்டுச் சட்டப்படியே அது குற்றம்!

2020இல் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகக் கூறி எஃப்.ஜி.வி., சைம் டார்பி நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. சைம் டார்பி தரகுக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்கு ஈடு செய்தது. 2023இல் அதன்மீதான தடை நீங்கியது. சரக்கு துறைமுகத்தில் நின்ற பிறகுதான் தொழிலாளியின் கடன் கண்ணில் பட்டது போலும்!

சகோதரர்களே, நம்மிலும் வெளிநாட்டிற்கு ஆள் அனுப்புவோர் உள்ளனர். தரகுக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கலாகாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நெறி. அப்படி வாங்கிய பணம் உங்களிடம் இருப்பின், இவ்வாரமே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.