ஏன் என்று கேட்கும் புத்தி



தினசரி வாழ்க்கையில் பகுத்தறிவு என்பது பற்றி இன்று நாம் பேச வேண்டுமென்று இச்சங்கத்து வாலிபர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். பகுத்தறிவு என்றவுடனேயே சாமி, பேய், சகுனம், ஜோசியம் ஆகியவைகளைப் பற்றித்தான் நாம் ஏதாவது சொல்லுவோம் என்று எதிர்பார்த்து உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அவைகளை இன்றைக்கு விட்டு விடலாம். அவை எங்கும் ஓடிப்போய்விட மாட்டா. இன்று நாம் பேசப் போவதெல்லாம் நாம் தினமும் தின்கிற அரிசியைப் பற்றித்தான். அரிசிக்கு ஒரு சொற்பொழிவா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த அரிசியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஆயிரக்கணக்கான ஜனங்கள் காலும் கையும் விழுந்து செத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு விட்டுப் பிறகு சிரியுங்கள்.

நமது வீட்டில் அன்றாடம் புழுங்கலரிசிச் சோறுதான். பொங்கல், திவசம், படையல் என்று வந்து விட்டால் மாத்திரம் பச்சரிசி. ஏழெட்டு வயதில் ஒரு நாள் நாம், "ஏன் அப்பத்தா, சாமிக்கு மட்டும் பச்சரிசி?" என்று கேட்டோம். "புழுங்கலரிசி முன்னமே ஒரு தரம் வெந்து போனதடா. வெந்ததையே திரும்ப வேகவைத்துச் சாமிக்குப் படைக்கலாமா?" என்றார் அப்பத்தா. "அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் போடுகிறாய்?" என்றோம். இதற்குப் பதில் அப்பத்தாவிடமிருந்து வரவில்லை. பின்னால் நின்றிருந்த தகப்பனாரிடமிருந்து, தலையில் ஒரு குட்டாக வந்தது. அதிகப்பிரசங்கி என்கின்ற பட்டமும் அன்றைக்கே கிடைத்தது.

அப்பத்தா சொன்னது சரியோ தப்போ, அது ஒரு காரணமாவது ஆகும். குட்டு என்ன காரணம்? தோழர்களே! உங்களில் இந்தக் குட்டு வாங்காதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. எந்தக் குழந்தையும் ஏன், எப்படி என்று கேட்டுக் கொண்டுதான் வளர்கிறது. வீட்டில் குட்டியும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைத்தும், பன்னிரண்டு வயதுக்குள் அந்தப் புத்தியை நாம் ஒழித்து விடுகிறோம். ஒழித்து விட்டு, பிள்ளை இப்பொழுது அடக்கமாய் இருக்கிறான் என்று சந்தோஷப்படுகிறோம். பிறகு அவன் ஆயுள் முழுவதும் கேள்வியே கேட்பதில்லை. கஷ்டம் வந்தால் மாத்திரம் கேட்கிறான். அதுவும் ஜோசியனிடம் போய்க் கேட்கிறான். கஷ்டம் போய்விட்டால் தேங்காயை உடைத்து விட்டுப் படுத்துக் கொள்கிறான். வந்த கஷ்டம் ஏன் போயிற்று என்று கேட்கிறவனை நாம் மிகவும் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். அப்படிக் கேட்ட ஒருவருடைய சங்கதியைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

நிற்க, ஜாவா தீவு அந்தக் காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கு பெரிபெரி என்று ஒரு வியாதி. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடக்க முடியாது. சிலருக்கு உடம்பு வீங்கும். கடைசியில் இருதயம் நின்று போகும். பட்டாளத்துச் சிப்பாய்களும் சிறைக் கைதிகளும் ஏராளமாகச் செத்துக் கொண்டிருந்தார்கள். வியாதிகளுக்குக் காரணம் கிருமிகள் என்று ஐரோப்பாவில் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலம் அது. ஆதலால் இதற்கும் ஒரு கிருமிதான் இருக்க வேண்டுமென்று 1886ல் டச்சு சர்க்கார் ஒரு வைத்தியக் குழுவை அனுப்பிற்று. அதில் வந்த எய்க்மான் என்னும் இளம் வைத்தியர், குழு திரும்பிப் போன பிறகும் பட்டேவியா பட்டணத்துப் பட்டாள ஆஸ்பத்திரியில் தங்கிக் கிருமியைத் தேடிக் கொண்டிருந்தார். பட்டேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. பரிசோதனைக்காகச் சில கோழிகளையும் வளர்த்தார்.

ஒரு நாள் அந்தக் கோழிகளுக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. நிற்க முடியவில்லை, விழுந்தன, செத்தன. கிருமி ஊசி போட்டதற்கும் வந்தது, போடாததற்கும் வந்தது. சில மாதம் கழித்து, ஒருவரும் ஒன்றும் செய்யாமலேயே, வியாதி தானாக நின்று விட்டது.

இந்த இடத்தில் நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? பீடை தொலைந்தது என்று இருந்திருப்போம். எய்க்மான் அப்படி இருக்கவில்லை. வியாதி வந்த நாளிலும் போன நாளிலும் இந்தக் கொட்டிலில் என்ன மாறியது என்று ஆளாளாய்ப் போய் விசாரித்தார். விசாரித்ததில் சமையற்காரன் மாறியது தெரிய வந்தது. முந்தின சமையற்காரன் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தான். புதிதாய் வந்தவனோ, பட்டாளத்து அரிசி பட்டாளத்துக்குத்தான், பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குக் கிடையாது என்று மறுத்து விட்டான். ஆகவே கோழிகளுக்குத் தவிடு போகாத மட்டரக அரிசி கிடைத்தது; அவைகள் பிழைத்துக் கொண்டன. அந்தச் சமையற்காரனுக்கு விஞ்ஞானமும் தெரியாது, கோழி மேல் இரக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் பார்த்தது அந்தஸ்து. உலகத்தில் அந்தஸ்துப் பார்த்ததால் ஒரு நன்மை விளைந்தது என்றால் நாம் அறிந்த வரையில் இது ஒன்றுதான்.

பிறகு எய்க்மான் வேண்டுமென்றே தீட்டிய வெள்ளை அரிசியைப் போட்டுப் பார்த்தார், வியாதி வந்தது. தவிட்டோடு கூடிய அரிசியைப் போட்டார்; போயிற்று. கோழிக்குச் சரி, மனிதனுக்கு? வோர்டர்மான் என்கின்ற சுகாதார உத்தியோகஸ்தர் ஜாவாவில் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். சுமார் 2,80,000 கைதிகள். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் வியாதி. தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர்! கிருமியாயிருந்தால் அது என்ன, அரிசியின் நிறம் பார்த்தா ஆளைப் பிடிக்கும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எய்க்மான் முதலில் சொன்ன விளக்கம் தப்பு. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்று அவர் நினைத்தார். அதே இடத்தில் பிறகு வேலை செய்த கிரைன்ஸ் என்பவர் 1901ல், விஷமொன்றுமில்லை, உடம்புக்கு வேண்டிய ஒரு சத்து தவிட்டோடு போய் விடுகிறது, அவ்வளவுதான் என்றார். இவர் சொன்னதே நிலைத்தது. 1912ல் ஃபங்க் என்பவர் வைத்த வைட்டமின் என்ற பெயர் இன்று கிராமத்து மருந்துக் கடை வரையில் வந்து விட்டது. அரிசித் தவிட்டில் இருப்பது பி1 என்பது. 1936ல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்தது, நல்ல அரிசிக்குப் பேர்போன நமது நெல்லூரில். எய்க்மானுக்கு 1929ல் நோபெல் பரிசு கிடைத்தது. விடை தப்பாயிருந்தும், கேள்வியைக் கேட்டதற்காகவே உலகம் அவரை மதித்தது என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம்.

இனித் தமிழர் சங்கதிக்கு வருவோம். மலேயாவில் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனர்கள் வேலை செய்தார்கள். தோட்டங்களில் நம்மவர்கள் கூலிகளாய்க் கிடந்தார்கள். சீனர்களைப் பெரிபெரி கூட்டம் கூட்டமாய்க் கொன்றது. நம்மவர்களை அது அநேகமாய்த் தொடவே இல்லை. அதே மழை, அதே காடு, அதே கொசு, அதே தரித்திரம். பிராடன் என்னும் வைத்தியர் இது ஏன் என்று கேட்டார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், காட்டுக்குள் ரஸ்தா போட்டுக் கொண்டிருந்த சுமார் 300 ஜாவாக்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசிக்காரருக்கு வியாதி வந்தது. அரிசியை மாற்றியவுடன் வியாதியும் மாறியது. (கூலிக்காரர்களின் உயிரை வைத்து இப்படிப் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்கத்தான் வேண்டும்.)

காரணம் என்ன? நெல்லை ஊற வைத்து அவிக்கும் போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்து தண்ணீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கிறது. பச்சையாய்க் குத்தின அரிசிக்கு இந்தப் பாதுகாப்பில்லை. உரலில் குத்துகிற வரையில் பச்சரிசியிலும் தவிடு கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருந்தது. நீராவி ஆலை வந்து அரிசியை முத்துப் போல் ஆக்கியவுடன்தான் ஆபத்து வந்தது. எனவே, எதைச் சாமிக்கு ஆகாதென்று அப்பத்தா தள்ளி வைத்தாரோ அதுதான் கூலிக்காரனைக் காப்பாற்றிற்று!

இதைக் கேட்டவுடன் சிலருக்கு மீசை துடிக்கும். பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே வைட்டமினைக் கண்டு நெல்லை அவித்தார்கள் என்று புறப்பட்டு விடுவார்கள். கைபேசியில் நாளைக்கே ஊர் ஊராய்ப் பரவி விடும். தோழர்களே! நெல் அவிக்கிற எந்தக் கிழவியையாவது கேளுங்கள். அவித்தால் குத்தும்போது நொய்யாகாது, வண்டு சீக்கிரம் விழாது என்பார்கள். அது நல்ல அனுபவ அறிவு. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் வைட்டமின் இல்லை. வைட்டமின் தெரிந்திருந்தால், எடுத்த தவிட்டை மாட்டுத் தொட்டியில் கொட்டியிருப்பார்களா? பிள்ளையைக் கேலி செய்யத் "தவிட்டுக்கு வாங்கின பிள்ளை" என்று சொல்லுகிற நாடல்லவா இது? முன்னோர்கள் நெல்லை அவித்தார்கள். ஏன் தமிழனுக்கு வரவில்லை என்று கேட்டவன் வேறொருவன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விஞ்ஞானி சொல்லி விட்டால் போதும், நமக்குக் கேள்வி வேண்டாம் என்கிற குணம் நம்மவர்களிடமும் தலை காட்டுகிறது. ஜப்பான் கதையைக் கேளுங்கள். அங்கு கடற்படை வைத்தியர் தக்காகி என்பவர் 1880களிலேயே மாலுமிகளின் சாப்பாட்டை மாற்றி, வாற்கோதுமையும் இறைச்சியும் சேர்த்து, கடற்படையில் பெரிபெரியை அநேகமாய் ஒழித்து விட்டார். அவர் சொன்ன காரணமும் முழுதும் சரியல்ல. ஆனால் ஆள் சாகவில்லை. தரைப்படை வைத்தியர்களோ ஜெர்மனி முறையில் படித்தவர்கள். கிருமி என்பதே அவர்களுக்கு வேதவாக்கு. பக்கத்துக் கப்பலில் ஏன் சாகவில்லை என்று கேட்பதற்கு அவர்களுடைய பெரிய படிப்பு இடம் கொடுக்கவில்லை. 1904-05ல் ருஷியாவோடு நடந்த யுத்தத்தில், சிப்பாய்க்கு மரியாதையென்று வெள்ளை அரிசியைப் போட்டார்கள். சுமார் 27,000 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மூட நம்பிக்கை என்று சொல்லலாமா? கோவிலில் இருந்தால்தானா அது மூட நம்பிக்கை? ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அதுதான்.

தாய்மார்களே! உங்களைத் தனியாகக் கேட்கிறோம். அரிசியை மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்கள். கல்லும் தூசியும் போக ஒரு தண்ணீர் போதாதா? மேற்படி சத்து தண்ணீரில் கரைகிறது என்றோமே, அந்தக் கழுநீரோடு என்ன போகிறது? வடித்த கஞ்சியோடு என்ன போகிறது? மாமியார் அப்படித்தான் செய்தார் என்பீர்கள். மாமியாரைப் பழிக்க நாம் வரவில்லை. உங்கள் மருமகள் நாளைக்கு ஏன் என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம். ஆண்கள் சிரிக்க வேண்டாம். தட்டில் சோறு கொஞ்சம் பழுப்பாயிருந்தால் முகத்தைச் சுளிப்பவர்கள் நீங்கள்தான். வெள்ளையாயிருந்தால்தான் கௌரவம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

நமது அப்பத்தா இப்போது இல்லை. தலையில் குட்டிய தகப்பனாரும் இல்லை. நாம் சொன்னதில் தப்பிருந்தாலும் இருக்கலாம். நேரமாகி விட்டது. வழக்கம் போல் கேள்விகளைத் துண்டுக் கடுதாசியில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று கேட்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.