உப்புநீரும் குடற்சவ்வும்

வாந்திபேதி எனப்படும் கொலராநோய் பற்றியவரின் குடலிலிருந்து ஒரே நாளிற் பத்து இலீற்றருக்கு மேற்பட்ட நீர் வெளியேறுவதுண்டு. அவருக்குப் பருகக் கொடுக்கும் தண்ணீர் உடலிற் சேராது போவது ஏன்? இது நெடுங்காலம் வைத்தியரைத் திகைக்க வைத்த வினா. விடையோ குடலின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள கலங்களின் சவ்விலே இருந்தது.

கலத்தைச் சூழ்ந்த சவ்வு கொழுப்புப் பொருளாலான இரட்டைப் படை. ஒட்சிசன் போன்ற வாயுக்கள் அதனூடே தாமாகவே பரவிச் செல்லும். உப்புக்கும் சர்க்கரைக்கும் அவ்வுரிமை இல்லை. சவ்விற் பதிந்துள்ள புரதங்களே அவற்றுக்கு வாயில். குடற்கலங்களில் உள்ள ஒரு வாயில் விந்தையானது. சோடியமும் குளுக்கோசும் கூடி வந்தாலன்றி அது குளுக்கோசை உள்ளே விடுவதில்லை. இவ்வுண்மையை றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960ஆம் ஆண்டில் பிராக் நகரில் எடுத்துரைத்தார். உள்ளே வந்த சோடியத்தை மற்றொரு புரதம் சத்தியைச் செலவிட்டு இரத்தத்தின் பக்கம் இறைத்துவிடுகிறது. ஆகவே கலத்தினுள்ளே சோடியம் எப்போதும் குறைவு. மேலும் மேலும் நுழைவதற்கு அதுவே காரணம். உப்பும் சர்க்கரையும் சென்ற திசையிலே நீரும் பிரசாரண முறையாற் செல்கிறது.

கொலராக் கிருமியின் நஞ்சு கலங்களிலிருந்து குளோரைட்டைக் குடலினுட் கொட்டச் செய்கிறது. சோடியமும் நீரும் அதனைப் பின்தொடர்கின்றன. ஆயினும் அந்த இணைவாயிலை நஞ்சு கெடுப்பதில்லை! வெறுந் தண்ணீர் பயன்படாத இடத்தில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் பயன்படுவது இதனாலேயே. 1968இல் டாக்காவில் நோயாளரிடம் இது சோதித்துக் காட்டப்பட்டது. எனினும் இத்துணை எளிய பானம் உயிர் காக்கும் என நம்பப் பலர் தயங்கினர்.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் இந்திய எல்லையிலுள்ள பொங்காவ் என்னும் ஊரில் நிறைந்தனர். கொலரா பரவியது. நாளத்தினூடே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மகாலனபிஸ் ஒரு இலீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவிற் கலந்து பீப்பாய்களில் வைப்பித்தார். தாய்மாரும் உறவினருமே அதனைக் கிண்ணங்களில் மொண்டு நோயாளருக்குப் பருக்கினர். நூற்றுக்கு முப்பது வரையிலிருந்த மரணம் நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது.

சர்க்கரை கூடினால் நன்மையும் கூடும் என எண்ணுவோர் உளர். அது தவறு. வாயில் ஏற்கக்கூடிய அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை குடலிலே தங்கி, உடலின் நீரைத் தன்பால் இழுத்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் குளுக்கோசை 13.5 கிராமாகவும் உப்பை 2.6 கிராமாகவும் குறைத்தது. பருகவியலாது உணர்விழந்து கிடப்பவருக்கு இன்றும் நாளத்தின் வழியே நீர் ஏற்றவேண்டியதுதான்.