ஆயிரத்தில் ஒரு வினாடியும் நான்கு நிமிடமும்



காற்பந்து ஆட்டம் சூடு பிடித்திருக்கிறது. கோல் காவலர் பக்கவாட்டில் பாய்கிறார். பந்து கையுறையை உரசிக்கொண்டு போகிறது. திடலோரத்தில் குந்தியிருக்கும் படப்பிடிப்பாளருக்கு அந்தக் கணத்தைப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு வினாடி போதும். இப்படிப் பல காலம் ஆட்டக்காரர்களின் பின்னால் ஓடியவர், ஒரு நாள் அந்த நீண்ட லென்சை வீட்டில் வைத்துவிட்டு முக்காலியோடு அருவிக்குப் போகிறார். ஷட்டரைச் சில வினாடிகளோ சில நிமிடங்களோ திறந்தே வைத்து, நீரும் மேகமும் நகர்ந்த தடத்தை ஒரே படத்தில் சேர்க்கிறார். இதைத்தான் நெடுநேர ஒளிப்பதிவு என்கிறோம்.

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் போனவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பெயர் வாங்கியவர். 1872இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அன்றைய தகடுகளில் ஒளி மெதுவாகத்தான் பதியும். அதனால் அவருடைய அருவிகளில் துளிகள் தெரியாது; பாறைமேல் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டதுபோல் நீர் இறங்கும். அதே மனிதர் 1878இல் பாலோ ஆல்ட்டோவில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் பந்தயக் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்று காட்டினார்.

இன்னொருவர் வியன்னாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ். 1956இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் நடந்த காளைச் சண்டையை அவர் மெதுவான ஷட்டரில் எடுத்தார். காளையும் வீரரின் துணியும் வண்ணக் கோடுகளாக ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. களத்தின் வேகத்தைக் காட்ட அசைவை உறைய வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்ட படங்கள் அவை. பிற்பாடு அவர் இயற்கையின் பக்கம் திரும்பினார். நிலமும் நீரும் நெருப்பும் நிறைந்த 'தி கிரியேஷன்' என்ற அவருடைய நூல் 1971இல் வந்தது.

விளையாட்டுப் படத்தில் பழகிய கண் இயற்கைக்கு முன்னால் வீணாகிவிடுவதில்லை. பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் படத்தைத் தவறவிடுவார். எங்கே வரப்போகிறது என்று பார்ப்பவருக்கே அது கிடைக்கும். நெடுநேர ஒளிப்பதிவுக்கும் அதே முன்னுணர்வு வேண்டும். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எப்போது அடங்கும் என்று முன்கூட்டியே கணித்தாக வேண்டும். அரை நிமிடம் ஷட்டரைத் திறந்தால் செம்பனையின் அடிமரம் கூர்மையாக நிற்கும். மட்டைகள் காற்றில் பச்சைப் புகையாகிவிடும்.

பகலில் இதற்கு லென்சின் முன்னால் மாட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடி தேவை. ஒளியைப் பத்து முறை பாதியாக்கும் பத்து நிலைக் கண்ணாடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். முப்பதில் ஒரு வினாடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு 34 வினாடிகள் ஆகும். அதை மாட்டினால் கேமராவில் எல்லாம் இருண்டுவிடும். எனவே காட்சியைத் தேர்ந்து, குவியத்தைச் சரிசெய்த பிறகே கண்ணாடியை மாட்ட வேண்டும்.

இனி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள நம் கூலாய்க்கு வருவோம். 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலையும் அதன் காட்டு அருவியும் இந்தக் கலைக்கு ஏற்ற இடங்கள். ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பின் நல்ல வெளிச்சம் 21 நிமிடங்கள்தான் நிற்கும். ஜூன் மாத லண்டனில் அது முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். நான்கு நிமிடப் படம் ஒன்றை எடுத்தால், அதில் சேரும் தேவையற்ற புள்ளிகளை நீக்கப் பல கேமராக்கள் இன்னொரு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு மாலைக்கு இரண்டு படங்கள், மிஞ்சினால் மூன்று. திடலோரத்தில் அதே 21 நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவித்தவருக்கு, இந்தச் சிக்கனம்தான் முதல் பாடம்.

கேமரா இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஐபோனில் 2017 முதலே லைவ் படங்களை நெடுநேரப் பதிவாக மாற்றும் வசதி இருக்கிறது. ஓடும் தண்ணீருக்கு முன்னால் கைப்பேசியைக் கல்லிலோ சுவரிலோ அசையாமல் சாய்த்து வைத்து ஒரு படம் எடுங்கள். மழைக்காலத்தில் ஆற்றோரம் போகிறவர்கள், நீர்மட்டம் ஏறுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.