இரு பட்டியல்களும் ஒரு சல்லடையும்

பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நாம், சென்ற இடமெல்லாம் ஒரு சங்கம் அமைத்துக்கொள்கிறோம். சங்கம் என்றால் பட்டியலும் உண்டு. பொங்கல் விழா நெருங்குகையில் இரண்டு பட்டியல்கள் நம் முன் இருக்கின்றன. ஒன்று, முகவரியோடு கூடிய உறுப்பினர் பட்டியல்; மற்றொன்று, சந்தா செலுத்தியோர் பட்டியல். முன்னதில் உள்ளோருள் பின்னதிலும் உள்ளோரைச் சலித்தெடுத்து அழைப்பு அனுப்ப வேண்டும்.

கணிப்பொறிக்கு இவ்வேலையை இருவகையாகக் கற்பிக்கலாம். ஒவ்வோர் உறுப்பினருக்காகவும் சந்தாப் பட்டியலைத் தலையிலிருந்து தேடச் செய்வது ஒரு வகை. உறுப்பினர் 2,000 பேர். அவருள் சந்தா செலுத்தியோர் 1,500 பேர் எனக் கொள்வோம். பெயர் கிடைத்தவுடன் தேடலை நிறுத்தினாலும், ஏறத்தாழ 19 லட்சம் ஒப்பீடுகள் ஆகும்.

மற்றொரு வகை, சந்தாப் பட்டியலை முதலில் ஒரு கணமாக மாற்றிக்கொள்வது. பெயரின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணுக்குரிய அறையில் பெயரை இடுகிறோம். தேடும்போதும் அதே கணக்கைச் செய்து, அந்த ஓர் அறையை மட்டும் பார்க்கிறோம். 1,500 முறை இடுதல், 2,000 முறை பார்த்தல். ஏறத்தாழ 3,500 செயல்களில் வேலை முடிகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் இத்தகைய முறையை எழுதிவைத்தார். இன்று பைத்தான் மொழியில் 'செட்' என்னும் ஒரு சொல்லே இதற்குப் போதும்.

ஆயினும் வேகத்தினும் பெரியது ஒன்றுண்டு. கணிப்பொறி ஆளை அறியாது, எழுத்தையே அறியும். 'ப. சண்முகம்' என்று ஒரு பட்டியலிலும் 'சண்முகம் ப.' என்று மற்றொன்றிலும் இருந்தால், அதற்கு இருவரும் வேறு வேறு மனிதர். அயல்மொழி எழுத்தில் நம் பெயர்கள் அடையும் மாற்றங்களையோ சொல்ல வேண்டுவதில்லை. இவ்வாறு விடுபட்டவரைப் பற்றிக் கணிப்பொறி நமக்கு எச்சரிக்கை எதுவும் செய்யாது. எங்கள் சங்கத்தில் ஒருமுறை, முதன்முதலில் சந்தா தந்த பெரியவருக்கே அழைப்புப் போகவில்லை. அவர் வாராமையைக் கண்ட பின்னரே பிழையை உணர்ந்தோம்.

ஆகவே, பெயரால் சலியாமல் உறுப்பினர் எண்ணால் சலிப்போம். சலித்தபின் எண்ணியும் பார்ப்போம். 1,500 பேர் தேற வேண்டிய இடத்தில் 1,470 பேரே தேறினால், எஞ்சிய 30 பேர் யாவர் என்று தேடிக் காண்போம். சல்லடையில் தங்கியதை மட்டுமன்றி, கீழே விழுந்ததையும் ஒருமுறை பார்ப்பதே நம் கடமை.