காரீயமும் செம்பும்

ஈயம் என்ற சொல்லை நாம் இரு உலோகங்களுக்கு வழங்குகின்றோம். செம்புப் பாத்திரத்தின் உட்புறத்திற் பூசப்படுவது வெள்ளீயம். மீன்வலையின் அடியிற் கட்டப்படுவதும் துவக்குச் சன்னமாக வார்க்கப்படுவதும் காரீயம். முன்னது உணவைக் கெடாது காப்பது. பின்னது உணவோடு சேர்ந்தால் நஞ்சாவது. வேட்டைச் சன்னத்திலிருந்து இக் காரீயத்தை விலக்கி, அதனிடத்திற் செம்பைக் கொண்டுவர அமெரிக்க வேட்டைக்காரர் மேற்கொண்ட முயற்சியே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நான் வேட்டைக்காரன் அல்லன். ஆயினும், கைவந்த ஒரு பழக்கத்தை மனிதன் எவ்வாறு மாற்றிக்கொள்கிறான் என்னும் கேள்வி எந்த ஆசிரியனுக்கும் உரியது. அக்கேள்விக்கு இவ்வரலாறு நல்லதொரு விடை தருகின்றது.

கலிபோர்ணியக் கொண்டோர் என்பது பிணந்தின்னிக் கழுகினங்களுள் ஒன்று. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ ஒன்பதரை அடி. 1982ஆம் ஆண்டில் இவ்வினத்தில் உலகில் எஞ்சியிருந்தவை 22 பறவைகளே. 1987ஆம் ஆண்டில் வனத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டுக் கூட்டிற் சேர்க்கப்பட்டது. அப்போது மொத்தத் தொகை 27. கூட்டில் வைத்து இனம் பெருக்கி, 1992ஆம் ஆண்டு தொடக்கம் அவற்றை மீண்டும் வனத்தில் விட்டனர். இன்று அவை ஐந்நூறுக்கு மேற்பட்டுள்ளன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை வனத்தில் வாழ்கின்றன.

ஆனால் வனத்தில் விடப்பட்ட பறவைகள் மீண்டும் மீண்டும் மடிந்தன. சாவுக்கு முதற் காரணமாகக் காணப்பட்டது காரீய நஞ்சு. இப் பறவையை யாரும் குறிவைத்துச் சுடாதிருக்கவும், சன்னம் இதன் வயிற்றினுள் எவ்வாறு புகுந்தது?

காரீயம் மென்மையானது. விரைந்து செல்லும் றைபிள் சன்னம் மானின் உடலிற் பாய்ந்ததும், அதன் காரீயம் நசுங்கிச் சிதறுகின்றது. சிதறும் துகள்களுட் பல கண்ணுக்குத் தெரியாதவை; எக்ஸ்-கதிர்ப் படத்தில் மட்டும் வெண்புள்ளிகளாய்த் தோன்றுபவை. வேட்டைக்காரன் மானை வெட்டித் துப்புரவு செய்து, குடலை அவ்விடத்திலேயே விட்டுச் செல்கிறான். கொண்டோர் வந்து அதனை உண்கின்றது. எலும்பையும் கரைக்கவல்ல அதன் வயிற்று அமிலம் காரீயத்தையும் கரைக்கின்றது. நஞ்சு இரத்தத்தில் ஏறியதும் இரைப்பை செயலிழக்கின்றது. உண்ட இரை செரியாது கிடக்கப் பறவை பட்டினியால் மாள்கின்றது. இப் பறவை முட்டையிடும் பருவம் எய்த ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். இடுவதும் ஒரு முறைக்கு ஒரு முட்டையே. ஆகையால் ஒரு பறவையின் சாவை ஈடுசெய்யப் பல்லாண்டு வேண்டும்.

கேடு பறவையோடு நின்றுவிடவில்லை. 2008ஆம் ஆண்டில் வட டக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென வேட்டைக்காரர் தானமாக அளித்த மானிறைச்சிப் பொதிகளை எக்ஸ்-கதிராற் படம் பிடித்தபோது, பலவற்றில் உலோகத் துகள்கள் காணப்பட்டன. அவ்விறைச்சியை வழங்காது விலக்குமாறு அம்மாநிலச் சுகாதாரப் பகுதியினர் கூறினர். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. எவ்வளவு சிறிதாயின் தீங்கில்லை என்று வரையறுத்துச் சொல்ல இயலாதது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவிலேயே நஞ்சு கலந்திருந்தமை கொடுத்தவருக்கே அதிர்ச்சியாயிற்று.

மாற்றுப் பொருள் முன்னரே தோன்றியிருந்தது. 1989ஆம் ஆண்டில் பார்ன்ஸ் என்னும் அமெரிக்கச் சன்னத் தொழிலகம் முழுச் செம்பாலான வேட்டைச் சன்னமொன்றை விற்பனைக்கு விட்டது. அதன் நுனியில் ஒரு சிறு குழி உண்டு. இலக்கிற் பாய்ந்ததும் அக்குழி நான்கு இதழ்களாக விரியும். விரிந்தும் சன்னம் பெரும்பாலும் சிதறாது, தன் நிறையை ஏறக்குறைய முழுமையாகக் காத்துக்கொள்ளும்.

அங்ஙனமாயின் காரீயத்தை எடுத்துவிட்டுச் செம்பை வைத்தாற் போதாதா? போதாது. இங்கேதான் இவ்வரலாற்றின் பாடம் தொடங்குகின்றது.

அமெரிக்க வேட்டைக்காரருட் பலர் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்புபவர். சுட்டுக் கழித்த பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, உரிய அளவுக்கு நெருக்கி, அடியிற் புதிய தீமூட்டியைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து இட்டு, வாயிற் சன்னத்தைச் செருகுவர். மருந்தை நிறுக்கும் அலகு கிறெயின் எனப்படும். 7000 கிறெயின் ஓர் இறாத்தல். ஒரு கிறெயின் நமது குன்றிமணியின் நிறையில் ஏறத்தாழப் பாதி. அத்துணை நுண்ணிய அளவிற் பிழை நேரினும் துவக்கே வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்தல் கூடும். பல்லாண்டு முயன்று தன் துவக்குக்கு ஏற்ற அளவைக் கண்டறிந்த வேட்டைக்காரன், அதனைக் குலதனம்போற் குறிப்பேட்டிற் பேணி வைத்திருப்பான்.

செம்பு அவ்வளவுகளையெல்லாம் பொய்யாக்குகின்றது. ஒரு கன சென்ரிமீற்றர் காரீயத்தின் நிறை 11.3 கிறாம், செம்பின் நிறை 8.9 கிறாம். ஆகவே ஒரே நிறையும் ஒரே பருமனும் உடைய இரு சன்னங்களுட் செம்புச் சன்னமே நீளமானது. அந்நீளம் கோதினுள் மருந்துக்குரிய இடத்தைக் கவர்கின்றது. நீண்ட சன்னம் காற்றில் நிலைபெறப் பம்பரம்போல் மேலும் விரைந்து சுழலவும் வேண்டும்; குழலின் உட்புற முறுக்கு வரிகள் அதற்குப் போதாதிருத்தல் உண்டு. செம்பு காரீயத்தினும் வன்மையானது. ஆதலாற் குழலினுள் எழும் அழுத்தமும் வேறுபடும். ஆகையால் 180 கிறெயின் காரீயச் சன்னத்தைக் கையாண்டவன் 165 அல்லது 150 கிறெயின் செம்புச் சன்னத்துக்கு இறங்குகிறான். நிறை குறையினும் வேகம் கூடும். வேகம் இருந்தாற்றான் செம்பின் இதழ்களும் நன்கு விரியும்.

பழைய மருந்தளவைப் புதிய சன்னத்துக்கு இடுதல் ஆகாது. அச்சன்னத்துக்கெனவே சோதித்து வெளியிட்ட அளவேட்டைப் பார்த்து, அதிற் குறித்த மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறவேண்டும். குறித்த உச்ச அளவைக் கடத்தலாகாது. முதலிற் குழலிற் படிந்துள்ள பழைய கசடு நீங்கத் துடைக்கவேண்டும். சன்னத்தின் தோளுக்கும் முறுக்கு வரிகளின் தொடக்கத்துக்கும் இடையே, காரீயச் சன்னத்துக்கு விட்டதினும் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் அளவிலும் மும்மூன்று வெடி வைத்து, 100 யார் தூரத்து அட்டையில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளந்து குறித்தல் வேண்டும். கோதின் அடியில் மிகையழுத்தத்தின் அடையாளம் தோன்றினால் அவ்விடத்திலேயே நிறுத்திவிடல் வேண்டும். முப்பது ஆண்டு வேட்டையாடிய முதியவனும் முதல் வகுப்பு மாணவனாய் மீண்டும் அமரவேண்டியிருக்கின்றது.

இதனைச் சட்டம் செய்ததா, அறிவுரை செய்ததா? இரண்டும் செய்தன. கலிபோர்ணியா 2007ஆம் ஆண்டில் கொண்டோர் வாழும் நிலப்பரப்பிற் காரீயச் சன்னத்தைத் தடுத்துச் சட்டம் இயற்றியது; 2013இல் இயற்றிய சட்டம் 2019 யூலை முதலாந் திகதி தொடக்கம் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு அதனைத் தடைசெய்தது. அரிசோனாவோ தடைவிதிக்கவில்லை. 2005ஆம் ஆண்டு தொடக்கம், கொண்டோர் வாழும் பகுதிக்குச் செல்லும் வேட்டைக்காரருக்குக் காரீயமற்ற தோட்டாவை இலவசமாக அளித்து, காரணத்தை விளக்கி, ஒத்துழைப்பை வேண்டியது. பல ஆண்டுகளிற் பத்துப் பேருள் எட்டுப் பேருக்கு மேல் இணங்கினர். செம்பை ஏற்காதவருட் சிலர் குடலையாவது வனத்தில் விடாது எடுத்துச் சென்றனர்.

எதிர்வாதங்களும் உண்டு. செம்புச் சன்னத்தின் விலை கூடியது. சில பழைய துவக்குகளுக்கு ஏற்றது கிடைப்பதரிது. வேகம் தளர்ந்த நெடுந்தூரத்தில் இதழ்கள் விரியாமற் போகலாம். இவை பொய்யல்ல. காரீய நஞ்சும் முற்றாக நீங்கிவிடவில்லை; கொண்டோர்கள் இன்றும் அதனால் மடிகின்றன. ஒரு மலைத்தொடரில் நூறு பேர் மாறி ஒருவர் மாறாதிருந்தாலும், அவ்வொருவர் விட்டுச் சென்ற குடல் ஒரு பறவைக் கூட்டத்துக்கு விருந்தாகிவிடும்.

அன்பர்களே, குறி தப்பாது சுடுவதே வேட்டைக்காரனின் பெருமை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. குறியிற் பட்ட பின்பும் சன்னத்தின் பயணம் முடிவதில்லை என்பதை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டிற்று. நாம் செய்யும் செயலும் அத்தகையதே. கருதியதை முடித்துவிட்டோம் என்று நாம் திரும்பி நடந்த பின்னர், அதன் துகள்கள் யாருடைய உணவிற் போய்ச் சேர்கின்றன என்று பார்ப்பதும் நமது கடமை. பார்த்த பின்னர், அரிதின் முயன்று கண்ட அளவேயாயினும் அதனை ஒதுக்கிவைத்து, குறைந்த அளவிலிருந்து மீண்டும் பொறுமையோடு தொடங்கும் துணிவே கல்வி கற்றதன் பயன்.