காது தந்த குரல்

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கமுள்ள நம் வீடுகளில், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் தொலைக்காட்சியில் ‘பெப்பா பிக்’ ஓட வேண்டும். அதில் வரும் தாத்தாப் பன்றியின் குரல் வீட்டிலிருக்கும் அசல் தாத்தாக்களுக்கும் பழக்கம்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் டேவிட் கிரகாம். 1925இல் லண்டனில் பிறந்தவர். 2004இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 78. மற்ற நடிகர்கள் ஓய்வெடுக்கும் வயது. மூக்கும் முழியும் பார்க்காத நடிப்பு, குரல் நடிப்பு ஒன்றுதான்.

போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் மெக்கானிக், பிறகு அலுவலகத்தில் எழுத்தர், அதன்பின் நியூயார்க்கில் நாடகப் பயிற்சி. இப்படிச் சுற்றித்தான் நடிப்புக்கு வந்தார்.

குரல் நடிகருக்குத் தொண்டைதான் மூலதனம் என்போம். இவர் கதையைக் கேட்டால் காதுதான் என்று தோன்றுகிறது. 1965இல் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரில் பார்க்கர் என்று ஒரு கார் ஓட்டுநர். முன்னாள் பெட்டகத் திருடன். இப்போது சீமாட்டி பெனலோப்பியின் பணியாள். கிரகாமின் குரலில் அவன் எப்படிப் பேசுவான்? தேம்ஸ் கரையிலுள்ள குக்கம் என்ற ஊரில் ஓர் உணவகப் பரிமாறுநர் இருந்தார். முன்பு வின்ட்சர் கோட்டையில் வேலை பார்த்தவர். அவர் பேச்சு தயாரிப்பாளர் ஜெரி ஆண்டர்சனின் காதில் விழுந்திருந்தது. கிரகாமும் அங்கே போய்ச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்பதைவிட, கேட்டார் என்பதே சரி.

லண்டன் பாமர மக்கள் பேச்சில் ‘ஹ’ ஒலி உதிர்ந்துவிடும். பெரிய இடத்தில் பணிவாகப் பேசப் போனால், வேண்டாத இடத்தில் அதே ‘ஹ’ வந்து ஒட்டிக்கொள்ளும். நம்மூரில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பவர் மேடையேறியதும் பள்ளியைப் ‘பழ்ழி’ ஆக்குவாரே, அதுபோல. அந்தத் தடுமாற்றத்தைத்தான் கிரகாம் பிடித்து வந்தார். பார்க்கர் அதனால்தான் கேலிச்சித்திரமாகாமல் மனிதனாக நின்றான். அதே தொடரில் திக்கித் திக்கிப் பேசும் விஞ்ஞானி பிரெய்ன்ஸும் இவரே!

அந்தப் பொம்மைகளுக்கு வாயசைக்க ஆள் கிடையாது. முதலில் நடிகர்களின் குரலை ஒலிநாடாவில் பதிவார்கள். அந்த ஒலியிலிருந்து வரும் மின்துடிப்பு, பொம்மையின் தலைக்குள்ளிருக்கும் சோலனாய்டை இயக்கும், கீழுதடு அசையும். திரைப்பட டப்பிங்கில் நடிகரின் வாய்க்கேற்பக் குரல் ஓடும். இங்கே குரலுக்கேற்ப வாய் ஓடியது.

அதற்கு முன்பே, 1963இல், பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் முதல் டாலெக் இயந்திர அரக்கர்களுக்குப் பீட்டர் ஹாக்கின்ஸும் இவரும் குரல் கொடுத்திருந்தார்கள். அசைகளை வெட்டி வெட்டிப் பேச, ‘ரிங் மாடுலேட்டர்’ கருவி அதை உலோகமாக்கியது. பயத்தில் சோபாவுக்குப் பின்னால் பிள்ளைகளை ஒளியவைத்த அதே குரல்தான் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாப் பன்றி ஆயிற்று.

2015இல் தண்டர்பேர்ட்ஸ் புதிதாக வந்தது. பழைய குரல்களில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று: பார்க்கர். கிரகாமுக்கு அப்போது 90 நெருங்கிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில், 99ஆம் வயதில் காலமானார். பேரப்பிள்ளை அடுத்த முறை பெப்பாவைப் போடும்போது, ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.